ஆறுகாலனைச் செய்தவள்

பொக்லைன் ஓட்டும் அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது இடுப்புவரை சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் ஈர மண் உள்வாங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. கேபின் கதவைத் திறந்துகொண்டு குதித்ததால் தப்பித்தான். அம்மா அவன் தலையையும் தோளையும் தடவிப் பார்த்துக்கொண்டே திட்டினாள். அவனுக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

"செயின் போட்ட வண்டியாம், எங்க வேணாலும் போகுமாம்! சேத்துல மாட்டினா சுத்திச் சுத்தி இன்னும் ஆழமாத்தான் போகுது. அதுக்கு மட்டும் கால் இருந்திருந்தா எருமை மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து வச்சு வெளிய வந்திருக்கும்."

தங்கை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்து செயற்கைப் பல்லும் ஈறும் செய்துகொடுக்கும் ஒரு லேப்பில் அவளுக்கு வேலை. நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு மெழுகு ஒட்டியிருக்கும் என்பதால் அங்கே அவளுக்கு 'மெழுகு' என்று பெயர். அது வீட்டுக்கும் வந்து, பெற்ற அம்மாவே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அன்று அவள் பையில் வேலையில் மீந்த மெழுகு கொஞ்சம் இருந்தது. அண்ணன் புலம்பி முடிப்பதற்குள் அதை உருட்டி, ஒரு உடம்பு, ஒரு நீண்ட கை, கீழே ஆறு கால் என்று பிடித்து, அவன் முன்னால் தள்ளி வைத்தாள்.

"ஆறா? நாலு போதாதா?"

"நாலுல ஒண்ணத் தூக்கினா மிச்சம் மூணு. கையில பாரம் இருக்கும்போது ஒரு பக்கம் சரியும். இதுல மூணு நடக்கும், மூணு நிக்கும்."

அண்ணன் குனிந்து பார்த்தான். அன்று முழுக்க அவன் முகத்தில் இல்லாத சிரிப்பு வந்தது. "ஆறுகாலன்" என்றான். பெயர் அவன் வைத்ததுதான். அதை அவள் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவருக்கும் அதுதான் வேலை. இன்னும் யாரும் கட்டாத இயந்திரங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு கட்டட வேலையில் நிற்கப்போகிறவை. இடிந்த கட்டடத்தை வாயால் அள்ளித் தின்று, பின்பக்கமாகச் செங்கல் செங்கல்லாக வெளியே தள்ளும் ஒன்று. சுவரைப் பற்றிக்கொண்டு, கட்டடம் உயர உயரத் தானும் ஏறும் கிரேன் ஒன்று. எல்லாம் நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்கு. கேபினுக்குள் உட்காரும் டிரைவர் ஒரு முந்திரிப்பருப்பளவு இருப்பான்.

அண்ணன் சொல்லுவான், மெழுகு செய்வாள். "டிரைவருக்கு வலது மூலை தெரியவே தெரியாது, எப்பவும் எட்டிப் பார்த்துக் கழுத்து போச்சு" என்று அவன் சொன்னால், அடுத்த வாரம் கேபின் முன்னால் நகர்ந்து, காலடியிலும் கண்ணாடி வந்திருக்கும். மெழுகில் செதுக்குவாள், ரப்பரில் அச்செடுப்பாள், பல் செய்யும் அக்ரிலிக்கை ஊற்றுவாள். பல்லைச் சீராக்கப் போடும் மெல்லிய எஃகுக் கம்பிதான் எண்ணெய்க் குழாய். முதல் ஆறுகாலன் ஈறு நிறத்தில், பளபளவென்று ரோஜா வண்ணத்தில் வந்து நின்றது.

"இது மண்ணத் தோண்டுமா, முத்தம் குடுக்குமா?" என்று அண்ணன் கேட்டான். இருவரும் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

மெழுகின் இடதுகால் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் மெலிந்துபோனது. தொடையிலிருந்து பாதம்வரை ஒரு இரும்புச் சட்டம் கட்டியிருப்பாள். முழங்கால் அருகே ஒரு வளையம். நிற்கும்போது அதைக் கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். உட்காரும்போது மேலே தூக்கினால் கால் மடங்கும். அந்தக் காலோடுதான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள், லேப்பின் மாடிப்படி ஏறினாள், கூட்டத்தில் இடித்தவனை முறைத்தாள். அதைப் பற்றித் தனியாகப் பேச அவளுக்கு எதுவும் இல்லை. ஆறுகாலனின் ஒவ்வொரு காலிலும் அதே மாதிரி ஒரு பூட்டு வளையம் வைத்தாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கு உள்ளும் புறமும் தெரிந்த பூட்டு அது ஒன்றுதான்.

படம் எடுப்பது அண்ணன் வேலை. ஜன்னல் ஓரத்தில் உண்மையான மண்ணைக் கொட்டி, அதில் இயந்திரத்தை நிறுத்தி, தரையில் படுத்துக்கொண்டு எடுப்பான். பார்த்தால் யானை அளவு வண்டி என்று நினைக்கத் தோன்றும். அதை இணையத்தில் போடுவான். இம்மாதிரி மாடல்களைச் சேகரிக்கும் ஒரு கூட்டமே அங்கே இருந்தது. எல்லாம் வளர்ந்த ஆட்கள். கண்ணாடி அலமாரி, தூசி தட்டத் தனி பிரஷ், பெட்டியின் ஓரம் மடங்கிவிட்டால் சோறு இறங்காது, அந்த ரகம். அவர்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதும் அண்ணன்தான். மெழுகு அதைப் படித்ததில்லை. அவளுக்குப் பேச்சில் நாட்டமில்லை. செய்து முடித்ததும் அடுத்ததில் மனம் போய்விடும். அவன் அங்கே "நாங்கள்" என்று எழுதுகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சேகரிப்பு மாடல்கள் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஆள் வரப்போவதாக அண்ணன் சொன்னான். ஆறுகாலனை வார்த்து, வண்ணம் பூசி, எண் போட்டு, பெட்டியில் அடைத்து விற்கப்போகிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நானும் இருப்பேன்."

"அவருக்கு ஞாயிறு தோதுப்படாதாம். நான் பேசிக்கிறேன் விடு."

"பேரு?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"ரெண்டு பேரும்தான். அண்ணன் தங்கச்சின்னு போடச் சொல்லிட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா மெழுகு?"

கேட்டதற்காக அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

கம்பெனிக்கு வேண்டிய மூல வடிவத்தை அவள் செய்தாள். லேப்பில் லீவு போட்டுச் செய்தாள். காலின் மூட்டு வார்ப்பில் உடைகிறது என்று அண்ணன் வழியாகச் செய்தி வரும். கனம் கூட்டிக் கொடுப்பாள். கேபின் கண்ணாடி மங்கலாக வருகிறது என்பார்கள், வளைவை மாற்றுவாள். பல் கடிக்கும்போது ஒரு தூசு இடறினாலும் வாய்க்குத் தெரியும் என்று பழகிய கை. முடித்துக் கொடுத்த அன்று அண்ணன் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

விற்பனைக்கு வர இன்னும் நாளாகும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதனால் அந்தப் பெட்டி லேப்புக்கு வந்தபோது மெழுகுக்கு முதலில் புரியவில்லை.

கொண்டுவந்தவள் பீங்கான் அக்கா. லேப்பில் பீங்கான் பல் சுடுபவள். மெழுகுக்கு மூத்தவள், வாயாடி. "நம்ம வீட்டுப் பொருள் கடைக்கு வந்தா மொத ஆளா நான் வாங்க வேணாமா?" என்று ரகசியமாக முன்பதிவு செய்து வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை மேசையைத் துடைத்துவிட்டு, பெட்டியை நடுவில் வைத்தாள். "நீயே திற."

மெழுகு ஆறுகாலனை வெளியே எடுத்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. செம்மஞ்சள் உடம்பு, வெள்ளைக் கால். புரட்டிப் பார்த்தாள். மூன்றாவது காலின் அடியில் அவள் கத்தி ஒருமுறை வழுக்கிய மெல்லிய கீறல். அதுகூட அப்படியே வார்ப்பில் வந்திருந்தது. அதை விரலால் தடவிச் சிரித்தாள்.

"பெட்டிக்குப் பின்னால உன் ஃபோட்டோகூடப் போட்டிருக்காங்க போலிருக்கே" என்ற பீங்கான் அக்கா, படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

மெழுகு பெட்டியைத் திருப்பினாள்.

அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். ஏழெட்டு வயதில், முதல் இரும்புச் சட்டத்துக்கு அளவெடுத்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்தது. சட்டம் தெரியும்படி கவுனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அழுது முடித்து மூக்கு சிவந்த முகம். அதைக் கிழித்துப் போடச் சொல்லி அம்மாவிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே அச்சடித்திருந்தது:

'நடக்க முடியாத தன் தங்கைக்காக, ஒரு பொக்லைன் ஓட்டுநர் தன்னந்தனியாக, தன் கையாலேயே உருவாக்கிய நடக்கும் இயந்திரம்.'

அதற்கும் கீழே அண்ணனின் முழுப்பெயர். கையெழுத்தோடு.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்: "அக்கா, நான் தினம் உங்களோடதானே படியேறி வர்றேன்?"

"எனக்கு முன்னாடி ஏறிடுவே" என்றாள் பீங்கான் அக்கா. "எனக்குத்தான் பாதியில மூச்சு வாங்கும்."

சாயங்காலம் வீட்டில் அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியில எடுத்த ஃபோட்டோ எங்க?"

"ஆல்பத்துல இருக்கும். ஏன்?"

"ஆல்பத்துல இல்ல. கடையில இருக்கு." பெட்டியைத் துணிக் குவியலின் மேல் வைத்தாள்.

அம்மா அதைத் தொடாமல் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இது அண்ணன் மட்டும் செய்தது என்றுதான் மெழுகு அதுவரை நினைத்திருந்தாள்.

"உனக்குத் தெரியும்."

"கேட்டான், குடுத்தேன். என்னடி இப்ப? உன்மேல அவனுக்கு எவ்வளவு பாசம்னு ஊரே படிக்குது. அதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"நான் செஞ்சதும்மா அது."

"எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுக்குத் தெரியும். அது போதாதா?" அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவன் பாவம், நாள் பூரா சேத்துலயும் தூசியிலயும் கெடக்கிறான். அவனை யாருன்னு யாருக்குத் தெரியும்? இப்பத்தான் நாலு பேரு மதிச்சுப் பேசறாங்க. உனக்கு லேப்பு இருக்கு, கையில தொழில் இருக்கு. விட்டுக் குடுத்தா என்ன?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. கேக்கலையே."

வாசலில் அண்ணனின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவன் பெட்டியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பிறகு நிதானமாகத் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டினான். ஏதோ தீர்மானமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தவன் மாதிரி இருந்தது அது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"கோவப்படாம கேளு. அந்தக் கம்பெனிக்காரர்தான் கதை வேணும்னாரு. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சாங்கன்னா யாருக்கும் மனசுல நிக்காதாம். ஒரே ஆளு, ஒரே காரணம். அப்படி இருந்தாத்தான் வாங்குவாங்களாம்."

"காரணம் நானா?"

"உன்னத் தாழ்த்தி ஒரு வார்த்த இருக்கா அதுல?"

"நடக்க முடியாதவள்னு போட்டிருக்கு."

"அது சும்மா… எழுத்துல அப்படித்தான் எழுதுவாங்க." அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "பணம் பூரா நீயே எடுத்துக்கோ. சத்தியமா சொல்றேன், எனக்கு ஒரு பைசா வேணாம்."

பணத்தை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் நீட்டினான். அவன் கொடுக்க மனசில்லாதது அதைவிடப் பெரியது என்று அவளுக்குப் புரிந்தது.

எழுந்து போகப் பார்த்தவளை அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். சனிக்கிழமை கம்பெனி ஒரு வெளியீட்டு விழா வைத்திருக்கிறது, சேகரிப்பவர்கள் எல்லாம் வருகிறார்கள், அவளும் வர வேண்டும் என்றான்.

"அங்கயே, எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன் மெழுகு. செஞ்சது என் தங்கச்சின்னு என் வாயாலயே சொல்றேன். அடுத்த பெட்டியில மாத்திடலாம். நீ வா மட்டும்."

அவன் கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போனவன். அவளை நொண்டி என்று சொன்ன பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்து அடி வாங்கியவன். அவள் அவனை இன்னொரு முறை நம்பினாள்.

விழா ஒரு ஓட்டலின் கூடத்தில் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறுகாலன் விளக்கொளியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலேயே கம்பெனிக்காரர் நின்றிருந்தார். சலவைச் சட்டை, பதமான பேச்சு. அவர் கைக்குப் பக்கத்தில் ஒரு புத்தம்புது வீல்சேர். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க…" என்றவர் அவள் காலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "நீங்க நடக்கிறீங்களே!"

"ஆமா. சின்ன வயசுலேர்ந்தே."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "இல்ல, மேடைக்கு அண்ணன் உங்களத் தள்ளிக்கிட்டு வந்தா பார்க்க நல்லா இருக்கும்னு…"

மெழுகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீல்சேர் விஷயம் அவனுக்கு முன்பே தெரியும்.

"ஒரு நிமிஷம்தான்" என்றான் தாழ்ந்த குரலில். "உக்காந்துடேன். அப்புறம் சொல்லிடுறேன்."

அவள் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்து, உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவனும் கம்பெனிக்காரரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பிறகு அவன் மட்டும் மேடை ஏறினான்.

நன்றாகப் பேசினான். சேற்றில் வண்டி சரிந்ததைச் சொன்னான். எருமை மாதிரி கால் வேண்டும் என்று தோன்றியதைச் சொன்னான். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மெழுகை உருட்டினேன் என்றான். அவள் காத்திருந்தாள். நாலு கால் போதுமா என்று யோசித்ததைச் சொன்னான். மூன்று நடக்கும் மூன்று நிற்கும் என்ற கணக்கு தனக்கு எப்படித் தோன்றியது என்பதைச் சொன்னான். அவள் சொன்ன அதே வார்த்தைகள். அவள் இன்னும் காத்திருந்தாள். கடைசியில் அவன் குரல் கரகரத்து, "எல்லாம் என் தங்கச்சிக்காக" என்று கையை அவள் பக்கம் நீட்டியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளைத் தவிர எல்லோரும்.

அதற்குப் பிறகு கையெழுத்து. ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருவரையும் உட்கார வைத்தார்கள். வாங்கியவர்கள் பெட்டியோடு வரிசையில் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர், தடித்த கண்ணாடி போட்டவர். அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியை மரியாதையாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"தங்கச்சி, நீங்களும் ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களாலதானே இது வந்துச்சு."

மெழுகு பேனாவை எடுத்தாள். தன் சின்ன வயதுப் படத்துக்குப் பக்கத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'இதைச் செய்தது நான்.'

அவர் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அடுத்தவருக்கும் அதையே எழுதினாள். அதற்கடுத்தவருக்கும். வரிசை கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் ஒரு இளம்பெண் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். பஸ் டிரைவரும் தன் பெட்டியைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அப்ப இவரு?" என்று அண்ணனைக் காட்டினார். குரலில் குற்றம் இல்லை, குழப்பம்தான்.

"அவர் வண்டி ஓட்டுறவரு. பேரு வச்சது அவரு. வண்டியில என்னென்ன கஷ்டம்னு அவர் சொல்லுவாரு. செஞ்சது நான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

சுற்றி நின்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அவனுக்கு அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும்; வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மெல்லச் சிரித்தான். கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தான், சின்னக் குழந்தைக்கு வைப்பதுபோல.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் அவர்களிடம், கனிவான குரலில். "பாவம், அவளுக்கு அப்படி ஒரு ஆசை. விட்டுடுங்க."

கூட்டம் இளகியது. அந்த இளம்பெண் "அச்சோ" என்றாள். பஸ் டிரைவர் கண்ணாடிக்குள்ளிருந்து மெழுகைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். சற்றுமுன் அவளிடம் ஒரு கேள்வி கேட்ட மனிதர். இனி அவளிடம் எதையும் கேட்கமாட்டார்.

"கையை எடு" என்றாள் மெழுகு.

அவன் எடுத்தான். அவள் எழுந்து, முழங்கால் வளையத்தைத் தள்ளிப் பூட்டினாள். மேசையைச் சுற்றி, வரிசையைத் தாண்டி, வாசலில் இருந்த வீல்சேரைத் தாண்டி நடந்து வெளியே போனாள். வழிவிட்டவர்கள் அவள் நடையைப் பார்த்தார்கள். அவர்கள் கையில் 'நடக்க முடியாத தங்கை'யின் பெட்டி. கண்முன்னே அவள் நடந்து போகிறாள். அப்போதும் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்று வேடிக்கையானது. அவள் எழுதிக் கொடுத்த அந்தச் சில பெட்டிகளுக்குச் சேகரிப்பவர்களிடம் பெரிய கிராக்கி ஏற்பட்டுவிட்டது. பீங்கான் அக்கா போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"நீ எழுதின பெட்டியாம், அது யாருகிட்ட இருக்குன்னு தேடி அலையறாங்க. கையெழுத்து உன்னுதுதானான்னு ஒரே சண்டை. பேனா மையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க."

"எழுதினது நெசமான்னு யாராவது கேட்டாங்களா?"

பீங்கான் அக்கா விரலால் தள்ளித் தள்ளி வெகுநேரம் தேடினாள். "இல்லடி" என்று போனை அணைத்தாள்.

கம்பெனிக்காரரும் ஒரு நாள் கூப்பிட்டார். அடுத்த இயந்திரம் எப்போது வரும் என்று ஆட்கள் நச்சரிக்கிறார்களாம். "அண்ணன் சொன்னாரு, வேலையில நீங்களும் கொஞ்சம் ஒத்தாசையா இருப்பீங்கன்னு."

"ஒத்தாசையெல்லாம் நான் பண்றதில்ல."

அவர் புத்திசாலி. "பேர் வேணும்னா உள்ள ஒரு ஓரமா போட்டுடலாம்மா" என்றார்.

"மொதல்ல அந்த ஃபோட்டோவ எடுங்க. நடக்க முடியாதன்னு போட்டதை எடுங்க. அப்புறம் பேசலாம்."

"அதுதாம்மா விக்குது" என்றார், உண்மையான வருத்தத்தோடு. அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா இருவருக்கும் நடுவில் தட்டுகளைக் கொண்டு வைத்துக்கொண்டே இருந்தாள். "எத்தன நாளைக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பே? கூடப் பொறந்தவன்" என்பாள். மெழுகு கோபமாக இருக்கிறாள் என்றுதான் அம்மா நினைத்தாள். கோபம் என்றால் ஒரு நாள் ஆறிவிடும். மெழுகுக்கு இருந்தது வேறு. அண்ணன் வழக்கம்போல "இன்னிக்கு சைட்ல…" என்று பேச்சை ஆரம்பித்தால், இது உண்மையா, இல்லை யாருக்காவது சொல்வதற்காக ஒத்திகை பார்க்கிறானா என்று மனம் தானாகவே தட்டிப் பார்த்தது. பழைய ஞாயிற்றுக்கிழமைகளையும் அப்படித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது பயந்துபோனாள். இந்த வீட்டில் இருந்தால் எதுவும் மிஞ்சாது என்று தோன்றியது. லேப்புக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை பார்த்தாள்.

சாமான் ஏற்றும் அன்று அண்ணன் வேலைக்குப் போகவில்லை. அவளுடைய கனமான வேலை மேசையை அவனே முதுகில் சுமந்து இறக்கி, வேனில் ஏற்றினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"திருப்பித் திருப்பி அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்ததுன்னு ஆயிடுச்சு மெழுகு. மேடையில சொன்னப்ப பொய் சொல்றேன்னே தோணல. நம்ப மாட்டே நீ."

"நம்புறேன்" என்றாள். "பேர் எடுத்துக்கிட்டே, சரி. நீயும் அம்மாவும் ஃபோட்டோவக் குடுத்தீங்க, அதையும் விடு. என் தலையில கைய வச்சு 'ஆசை'ன்னே பாரு. அப்ப உனக்கு நல்லாத் தெரியும், யார் செஞ்சதுன்னு."

மாடி ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வளையத்தைத் தூக்கிக் காலை மடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

புது அறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. எதிரே ஒரு தையல் கடை, பகலெல்லாம் மிஷின் சத்தம். கொஞ்ச நாள் அவள் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெழுகை எடுத்துச் சூடாக்கினாள். மனதில் ரொம்ப நாளாக ஒரு இயந்திரம் இருந்தது. பள்ளத்தாக்கின் ஒரு கரையில் உட்கார்ந்து, கம்பியை எதிர்க்கரைக்கு வீசி, அந்தக் கம்பிமேலேயே நடந்துபோய்ப் பாலத்தை நெய்யும் ஒன்று. நெசவுக்காரி என்று பெயர் வைத்தாள்; அவள் வைத்த முதல் பெயர். உடம்பு வந்தது, கம்பி சுற்றும் உருளை வந்தது. மதியத்துக்குள் கேபினும் வந்துவிட்டது.

கதவில்தான் நின்றாள். அவ்வளவு உயரத்தில், கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், கேபின் கதவு எப்படித் திறக்க வேண்டும்? வெளிப்பக்கமாகத் திறந்தால் காற்று பிடித்து இழுக்குமா? பக்கவாட்டில் நகர்ந்தால் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளுமா? சரிகிற வண்டியிலிருந்து குதித்தவனுக்குத்தான் அது தெரியும். போனை எடுத்தாள். அவன் எண்ணைத் தேட வேண்டியதில்லை, மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நகரும் கதவாகவே வெட்டினாள். அது தப்பாகவும் இருக்கலாம்.